செவிலியப் பணியை விட்ட பிறகு கையில் மிஞ்சுவது என்ன?

11 ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்துவிட்டு, ஐந்து மாதங்களுக்கு முன் விலகிவிட்டதாகவும், 37 வயதில் இனி எந்தத் துறைக்குப் போவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒரு வேலைப் பட்டியல். ஆனால், "நோயாளியைப் பார்த்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது" என்றும் சொல்லியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வார்டுக்கு வெளியே நான் கற்றதற்கு ஏதாவது மதிப்பு உண்டா என்பதுதான் அது. நிச்சயமாக உண்டு. ஆனால் அதை வெளியே இருப்பவர்கள் தாமாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். நீங்கள்தான் அவர்களுக்குப் புரியும் சொற்களில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். நானும் 14 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். பிறகு நோயாளிகளின் பதிவேடுகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங்குக்கும், அங்கிருந்து மருந்துகளின் பாதகமான விளைவுகளைக் கண்காணிக்கும் மருந்துப் பாதுகாப்புத் துறைக்கும் வந்தேன். இப்போது எங்கள் பிரிவுக்கு விண்ணப்பிக்கும் செவிலியர்களின் சுயவிவரங்களைப் படிப்பதும் அவர்களை நேர்காணல் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்த இரண்டு பக்க அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். வீடுகளில் முதியோரையும் நோயாளிகளையும் பராமரிப்பவர்களோடு எனக்கு நேரடிப் பழக்கம் குறைவு என்பதால், நான் சொல்வதில் எது தங்களுக்குப் பொருந்தும் என்பதை அவர்கள்தான் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலை தேடத் தொடங்கும் முன், நீங்கள் விட்டது வேலையையா அல்லது அது நடந்த சூழலையா என்று பிரித்துப் பாருங்கள். விலகிய புதிதில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இரவுப் பணி உடம்பைக் கெடுத்துவிட்டது என்பது ஒரு காரணம். அதை வெறும் அலுப்பு என்று ஒதுக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உடலின் தூக்கச் சுழற்சியைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 2007-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் வகையில் சேர்த்தது. 2019-ல் மறுபடியும் ஆராய்ந்தபோது இரவுப் பணியை அதே வகையில்தான் வைத்தது. போதிய ஆட்கள் இல்லாமல் இரண்டு பேர் வேலையை ஒருவராக இழுத்தது இன்னொரு காரணம். இவை இரண்டும் சூழலைப் பற்றியவை. மூன்றாவது காரணம் இன்னும் ஆழமானது. செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும், நிறுவனத்தின் கட்டுப்பாடுகளால் அதைச் செய்ய முடியாமல் நிற்கும்போது உண்டாகும் வேதனைக்கு, ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ அறிஞர் 1984-ல் ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதை அற வேதனை என்று சொல்லலாம். மீளப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவருக்கு, யாரோ எடுத்த முடிவுக்காக, வலிக்கும் என்று தெரிந்தே ஊசி குத்திய கைக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் பர்ன்அவுட் எனப்படும் எரிசோர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உளவியல் ஆய்வாளர்களான கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் வெளியிட்ட அளவுகோல் அதை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது: உணர்ச்சி வற்றிப்போவது, எதிரில் படுத்திருப்பவரை ஒரு மனிதராகப் பார்க்க முடியாமல் மனம் விலகிப்போவது, தன் உழைப்பால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம் வேரூன்றுவது. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் எரிசோர்வை ஒரு நோயாக அல்லாமல், வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாகத் தன் நோய் வகைப்பாட்டில் குறித்தது. மூன்றாவது கூறை மறுபடி படித்துப் பாருங்கள். "எனக்கு வேறு எதுவும் தெரியாது" என்று உங்களை எழுத வைத்தது அதுவாகவே இருக்கக்கூடும். அப்படியானால் அந்த வரியை உங்கள் திறமை குறித்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது களைப்பின் குரல். ஐந்து மாத ஓய்வுக்குப் பிறகும் தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதிலும் நாட்டமில்லை என்றால், வேலை தேடுவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பிறருக்கு எத்தனையோ முறை சொன்ன இந்த அறிவுரையை நம்மில் பலர் நமக்குச் சொல்லிக்கொள்வதே இல்லை.

வேலையா சூழலா என்று பிரித்தறிய, என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பதுண்டு. நிறைவோடு வீடு திரும்பிய கடைசி ஷிஃப்ட் எது, அன்று என்ன நடந்தது? ஒருவர், தொண்டையில் செருகியிருந்த சுவாசக் குழாய் எடுக்கப்பட்ட நோயாளி முதன்முதலாகப் பேசிய வார்த்தையைச் சொல்வார். இன்னொருவர், மாலை வரை நிமிடத்துக்கு 18-ஆக இருந்த சுவாச எண்ணிக்கை 26-ஆக ஏறியதைக் கவனித்து, இரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே மருத்துவரை அழைத்த கதையைச் சொல்வார். மூன்றாமவர், புதிதாக வந்த செவிலியருக்கு வென்டிலேட்டரின் அலாரங்களைப் புரியவைத்ததைச் சொல்வார். மூவரும் செய்தது ஒரே வேலைதான், ஆனால் அவர்களுக்கு உயிர் கொடுத்தது ஒன்றல்ல. முதலாமவரை மனிதர்களே இல்லாத மேசை வேலையில் உட்கார வைத்தால் ஓராண்டுக்குள் வாடிவிடுவார். இரண்டாமவருக்குத் தரவுகளும் மருந்துப் பாதுகாப்பும் பொருந்தும். மூன்றாமவர் கற்பிக்கப் பிறந்தவர். உங்கள் பதில் என்னவென்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் உங்களுக்கு ஒரு துறையைச் சொல்வது, நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதுவது போலாகிவிடும்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் சிசிலி சாண்டர்ஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செவிலியராகப் பயிற்சி பெற்றவர். முதுகுக் கோளாறு அவரைப் படுக்கையோரப் பணியிலிருந்து வெளியேற்றியது. அவர் மருத்துவமனையின் சமூக நலப் பணியாளராக மாறினார்; பிறகு மருத்துவம் படித்து, ஏறத்தாழ 39 வயதில், 1957-ல் மருத்துவரானார்; 1967-ல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். இறக்கும் தறுவாயில் இருப்பவர்களின் வலியைத் தணிக்கும் இன்றைய மருத்துவத்துக்கு அது அடித்தளமாயிற்று. நீங்களும் அப்படி ஒன்றைச் சாதிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது தூக்குவதும் நிற்பதும் மட்டும்தான், நோயாளியின் வலி மீதான அக்கறை அல்ல. அதை அறிந்து, அந்த அக்கறைக்கு வேறொரு நாற்காலியைத் தேடிக்கொண்டார் என்பதே இங்கே நமக்கு வேண்டியது.

இனி, கற்றதை எடுத்துச் சொல்லும் விதத்துக்கு வருகிறேன். செவிலியர்களின் சுயவிவரங்களில் நான் மிக அதிகமாகக் காணும் சொற்கள் கருணை, பொறுமை, அர்ப்பணிப்பு ஆகியவை. அவை உண்மைதான். ஆனால் படிப்பவருக்கு அவற்றால் ஒன்றும் தெரிவதில்லை, ஏனென்றால் அவை குணங்கள். வேலைக்கு எடுப்பவர் தேடுவது செயல்களை. ஷிஃப்ட் மாறும்போது நீங்கள் கொடுக்கும் ஹேண்ட் ஓவரை எண்ணிப் பாருங்கள். படுக்கை எண், பெயர், எத்தனையாவது நாள், இரவில் என்ன மாறியது, எந்த மருந்து எந்த வேகத்தில் ஓடுகிறது, எந்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, எதைக் கவனிக்க வேண்டும் என்பதையெல்லாம் சில நிமிடங்களில், ஒன்றும் விடாமல், களைத்துப்போன நிலையிலும் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். மருத்துவரை நள்ளிரவில் அழைக்கும்போது நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகளில் பேசும் முறையைப் பல மருத்துவமனைகள் கற்றுக்கொடுக்கின்றன. அது அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை. தவறினால் ஆபத்து என்ற இடங்களில் தகவலைக் கைமாற்றுவது தனியொரு திறமை. நீங்கள் அதை 11 ஆண்டுகள் அன்றாடம் செய்திருக்கிறீர்கள்.

ஆகவே, "தீவிர சிகிச்சைப் பிரிவில் அர்ப்பணிப்புடன் பணியாற்றினேன்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். "ஒரு ஷிஃப்டில் இரண்டு மோசமான நிலை நோயாளிகளை மணிக்கொரு முறை மதிப்பிட்டு, அளவுகளைப் பதிந்து, மாற்றங்களை மருத்துவருக்குத் தெரிவித்தேன், அதிக ஆபத்துள்ள மருந்துகளை இன்னொரு செவிலியருடன் சேர்ந்து இருமுறை சரிபார்த்தேன், புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தேன்" என்று எழுதுங்கள். எண்கள் உங்களுடையவையாக, உண்மையானவையாக இருக்கட்டும். முதல் வரியைப் படிப்பவர் உங்களை நல்லவர் என்று நினைப்பார். இரண்டாவதைப் படிப்பவருக்குத் தன் அலுவலகத்தில் உங்களை எங்கே உட்கார வைக்கலாம் என்ற யோசனை வரும். இதை எழுதுவது கடினமாக இருந்தால், நினைவில் நிற்கும் ஒரு ஷிஃப்டை எடுத்துக்கொண்டு, உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வந்தது வரை செய்த ஒவ்வொன்றையும் வினைச்சொற்களாக ஒரு தாளில் எழுதுங்கள். தாள் போதாமல் போகும்.

துறைகளில் நான் உள்ளே இருந்து அறிந்தவை இரண்டு. மெடிக்கல் கோடிங் என்பது நோயாளியின் பதிவேட்டைப் படித்து, நோய்களையும் சிகிச்சைகளையும் வகைப்பாட்டுக் குறியீடுகளாக மாற்றும் வேலை. உதாரணமாக உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய் வகைப்பாட்டில் ஐ10 என்றால் முதன்மை உயர் இரத்த அழுத்தம், இ11 என்றால் இரண்டாம் வகை நீரிழிவு. செவிலியருக்கு இது எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. மருத்துவச் சொற்கள் நமக்குப் பழக்கம்தான். ஆனால் நம்முடைய மிகச் சிறந்த பழக்கமே அங்கே தடையாகும். என் பயிற்சிக் காலத்தில் ஒரு பதிவேட்டில் ஹீமோகுளோபின் 7.2 என்று மிகக் குறைவாக இருந்தது, இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றியிருந்தார்கள். நான் தயங்காமல் இரத்தசோகைக்குக் குறியீடு போட்டேன். தணிக்கை செய்தவர் அதைத் தவறு என்று குறித்தார். அந்தப் பதிவேட்டில் எங்குமே மருத்துவர் "இரத்தசோகை" என்று எழுதவில்லை. பரிசோதனை எண்ணைப் பார்த்துக் கோடர் தானாக நோயை முடிவு செய்யக் கூடாது. மருத்துவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும், பதில் வந்த பிறகுதான் குறியீடு. எழுதப்படாதது செய்யப்படாததற்குச் சமம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் அல்லவா, அதே விதியை எதிர்ப்பக்கத்திலிருந்து வாழ வேண்டியிருந்தது. அறிகுறிகளைக் கோத்து முடிவுக்கு வரும் மனத்தை அடக்கிவைக்க எனக்கு ஏறக்குறைய ஆறு மாதங்கள் ஆயின.

மருந்துப் பாதுகாப்புத் துறையில் அந்த மனத்துக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. சந்தைக்கு வந்த மருந்துகளாலும் ஆய்வில் இருக்கும் மருந்துகளாலும் ஏற்படும் பாதகமான விளைவுகளைப் பதிந்து, மதிப்பிட்டு, ஒழுங்குமுறை அமைப்புகளுக்குத் தெரிவிப்பதுதான் இங்கே வேலை. ஓர் அறிக்கை செல்லுபடியாக நான்கு வேண்டும்: அடையாளம் காணக்கூடிய ஒரு நோயாளி, தகவல் சொன்னவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நடந்த பாதிப்பு. மருந்து ஆய்வுகளில் எதிர்பாராத, உயிருக்கு ஆபத்தான அல்லது இறப்பில் முடிந்த எதிர்விளைவென்றால் பன்னாட்டு நெறிமுறைப்படி 7 நாட்களுக்குள் முதல் அறிக்கை போக வேண்டும்; எதிர்பாராத பிற தீவிர விளைவுகளுக்கு 15 நாட்கள். "மாத்திரை போட்ட பிறகு உடம்பு ஒரு மாதிரியாக இருந்தது" என்று ஒருவர் சொல்லும்போது, எத்தனை மணி நேரம் கழித்து, வேறென்ன மருந்து எடுத்தார், நிறுத்தியதும் சரியானதா என்று கேட்கத் தோன்றுவது படித்து வருவதல்ல, படுக்கையோரம் நின்று வருவது. அதனால்தான் இந்த வேலைக்குச் செவிலியர்களை நான் விரும்பித் தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் நாள் முழுவதும் திரையின் முன் உட்கார வேண்டும், நன்றி சொல்லும் முகம் எதுவும் எதிரே இருக்காது. அந்த வெறுமை எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் உறைத்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்து ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் வேலையில் நோயாளிகளோடு பழகும் வாய்ப்பும் பகல் நேரப் பணியும் பெரும்பாலும் சேர்ந்தே கிடைக்கும். தீவிர சிகிச்சை அனுபவம் உள்ளவர்களை வென்டிலேட்டர், டயாலிசிஸ் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பயிற்சியாளர்களாக எடுப்பதுண்டு, பயணம் அதிகம். காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிப்பது, தொலைபேசியில் நோயாளிக்கு வழிகாட்டுவது, தொழிலகங்களில் பணியாளர் நலம் பார்ப்பது, தொற்றுத் தடுப்பு, செவிலியர் கல்லூரியில் கற்பிப்பது, மருத்துவமனை மென்பொருளை நிறுவும் குழுவில் இருப்பது ஆகியவையும் உண்டு. மருத்துவத்தின் வாசனையே வேண்டாம் என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 1930-ல் விமானப் பயணத்துக்குப் பணிப்பெண்கள் வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தவர் எல்லன் சர்ச் என்ற செவிலியர்; அவரும் அவரோடு முதலில் பணியில் சேர்ந்த ஏழு பேரும் செவிலியர்களே. பதற்றத்தில் இருப்பவரை அமைதிப்படுத்தி, விதிமுறை பிசகாமல் நடந்துகொள்ளும் ஆள் தேவைப்படும் இடமெல்லாம் நமக்கும் இடம்தான்.

எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுக்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். செவிலியரின் வளர்ச்சியைப் புதியவர் முதல் நிபுணர் வரை ஐந்து நிலைகளாக 1980-களில் விவரித்த செவிலியர் கல்வியாளர் பட்ரிசியா பென்னர், அனுபவசாலியான செவிலியரே பழக்கமில்லாத பிரிவுக்கு மாற்றப்பட்டால் புதியவர் நிலைக்கே திரும்பக்கூடும் என்றும் சொன்னார். துறையே மாறும்போது அது இன்னும் கடுமையாக இருக்கும். நேற்று வரை அலாரச் சத்தத்தை வைத்தே எந்தப் படுக்கையில் என்ன ஆயிற்று என்று சொன்னவர், இன்று ஒரு எக்செல் தாளில் வரிசையை எப்படி மறைப்பது என்று 23 வயதுக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கும். என்னிடம் வேலையை விட்டுப் போனவர்களில் பலர் வேலை கடினம் என்று போகவில்லை. இந்தக் கூச்சம் தாங்காமல் போனார்கள். அதற்குக் காலம்தான் மருந்து. முதல் ஆண்டில் ஊதியம் குறைவதும் பரவலாக நடப்பது; முடிந்தால் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இதுவரை சொன்னவற்றில் திறமையைப் பற்றியவை எனக்கு உறுதி. எந்தத் துறை இன்னும் பத்தாண்டு நிலைக்கும் என்பதில் எனக்கு அந்த உறுதி இல்லை. கோடிங்கில் வழக்கமான, எளிய பதிவேடுகளைக் கணினியே கையாளத் தொடங்கியிருக்கிறது. சிக்கலானவற்றுக்கு மனிதர் வேண்டும் என்பது என் கணிப்பு, கணிப்பு மட்டுமே. ஆகவே, வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் சான்றிதழ் வகுப்புகளில் உடனே பணம் கட்டாதீர்கள். அந்த வேலையில் இப்போது இருக்கும் இருவரிடமாவது பேசி, அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். இன்னொன்று, அவசரமானது: செவிலியர் பதிவைக் கைவிட்டுவிடாதீர்கள். காலாவதியான பதிவை மீட்க, பல இடங்களில் மறுபயிற்சியோ தேர்வோ கேட்பார்கள். புதுப்பிப்பதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால், உங்களைப் பதிந்த செவிலியர் கவுன்சிலிடமே நேரடியாகக் கேளுங்கள். நான் மேலே சொன்ன வேலைகளில் பலவற்றுக்கு நடப்பிலுள்ள பதிவு ஒரு தகுதியாகவும் கேட்கப்படுகிறது.

நோயாளிகளை விட்டுவிட்டு வந்தது துரோகமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆள் பற்றாக்குறையை ஒரு தனிமனிதர் தன் உடம்பால் ஈடுகட்ட முடியாது, ஈடுகட்ட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் யாருக்கும் கிடையாது. நீங்கள் 11 ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர்கள் பார்த்துக்கொள்ளப்பட்டவர்கள்தான். உங்கள் விலகல் அதில் ஒன்றையும் அழிக்கவில்லை. நான் விலகி ஓராண்டு வரை, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடும். அது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. சில ஆண்டுகள் கழித்து வார்டுக்கே திரும்பிப் போனவர்களையும் எனக்குத் தெரியும். வேறொரு பிரிவில், குறைந்த நேரத்தில், நன்றாகவே இருக்கிறார்கள்.

நேர்காணலில் "ஏன் விலகினீர்கள்" என்று கேட்டால் என்ன சொல்வது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் இரண்டு வாக்கியங்களில். "11 ஆண்டுகள் இரவும் பகலுமாகத் தீவிர சிகிச்சையில் இருந்தேன், அந்தப் பணிநேரத்தை இனியும் என் உடல் தாங்காது என்று முடிவு செய்தேன். அங்கே நான் மிகவும் விரும்பிச் செய்தது இன்ன வேலை, அதையே இங்கே செய்ய முடியும் என்று வந்திருக்கிறேன்" என்ற அளவு போதும். பழைய நிறுவனத்தைக் குறை சொல்லத் தொடங்கினால், குறை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், மிச்ச நேரம் அதிலேயே போய்விடும். நான் அப்படிப் பலருடைய நேரம் வீணாவதைப் பார்த்திருக்கிறேன். "இன்ன வேலை" என்று நான் விட்டிருக்கும் இடத்தில், அந்தக் கடைசி நல்ல ஷிஃப்டில் நீங்கள் செய்ததை வைத்துக்கொள்ளுங்கள். அது என்னவென்று இங்கே எழுதினால், எந்தத் துறையில் எந்த நிலையில் நுழையலாம் என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்ல முயல்கிறேன்.